அழுதால் சீனி

கொட்டாம்பட்டி
14.7.2002

தம்பி கண்ணுச்சாமிக்கு,

அக்கா மீனாள் எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. சண்டிகருக்குப் பெரிய படிப்புப் படிக்கப் போன டாக்டர் நலமாகத்தான் இருப்பார். இங்கே நாங்கள் இருக்கிற இருப்பைத் தெரிந்துகொள்.

நீ சொல்லிவிட்டுப் போன தேதிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனோம். நான், உன் மச்சான், என் மாமியார். குறைமாதப் பிள்ளைகள் வார்டு வாசலிலேயே செல்லூர் நர்ஸம்மா அலர்மேல்மங்கை பார்த்துவிட்டது. பிள்ளையை வாங்கி முத்தம் கொடுத்தது. "நம்ம சார் மருமகனா! இந்தத் தங்கம்தானே சாரைப் பாஸ் பண்ண வச்சது. ஆராய்ச்சிப் புள்ளை!" என்றது.

"என்னா ஆராய்ச்சி?" என்று அத்தை கேட்டார். அந்தம்மா பெருமையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது பிள்ளையின் முகம் எப்படிக் கோணுகிறது என்று நீ குனிந்து பார்த்து மார்க் போடுவாயாம். நாக்கில் சீனித் தண்ணி விட்டு ஒரு தடவையாம், விடாமல் ஒரு தடவையாம்.

விடாமல் ஒரு தடவை எதற்குடா?

அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, "சேனை வைக்கணும், மாமன் கையால ஒரு சொட்டு இனிப்பு நாக்குல படணும், அப்பத்தேன் மாமன் கொணம் வரும்" என்று அத்தை அழுது தீர்த்தார். நீதான் உள்ளே போய் வைத்துவிட்டு வந்தாய். சிரித்துக்கொண்டு வந்தாய். அந்தச் சிரிப்பு எதற்கு என்று இப்போது தெரிகிறது. சேனையும் ஆயிற்று, உன் படிப்பும் ஆயிற்று.

திரும்பி வரும்போது பஸ் ஒத்தக்கடை தாண்டியது. அப்புறம் அத்தை, பக்கத்து சீட்டுக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி, "மாமங்காரன் குத்திப் பழக எம்பேரன்தேன் கெடைச்சானா?" என்றார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் மச்சான் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இனி அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்." அவர் பேச்சை மாற்றுகிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும்.

குழந்தையின் குதிகால் இரண்டும் இன்னும் புள்ளி புள்ளியாக இருக்கிறது. எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் என் விரலில் படுகிறது. முத்திருளன் அண்ணன் கடைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடாதே. வர மாட்டேன்.

மீனாள்


சண்டிகர்
22.7.2002

அக்காவுக்கு,

ஆராய்ச்சிக்காக ஒரு ஊசிகூடக் குத்தவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் காமாலை, கிருமி, ரத்தத்தில் சர்க்கரை எல்லாம் பார்க்க ரத்தம் எடுத்தே ஆக வேண்டும். எப்படியும் குத்தப்போகிற ஊசியைப் பிள்ளை எப்படித் தாங்குகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்று எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

பெரியவர்களிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கலாம். பச்சைப் பிள்ளையிடம் என்ன கேட்பது? அதற்கு வலியே தெரியாது என்று ரொம்ப காலம் டாக்டர்கள் நம்பியிருந்தார்கள். சரியாக மயக்க மருந்து கொடுக்காமலே அறுத்திருக்கிறார்கள். ராஜா காலத்துக் கதை இல்லை, நீயும் நானும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். வலி உண்டு என்று அவர்களுக்குக் காட்ட ஒரு அளவு வேண்டியிருந்தது. புருவம் சுருங்குகிறதா, கண்ணை இறுக்குகிறதா, மூக்கோரம் கோடு விழுகிறதா, வாய் கோணுகிறதா, அழுகிறதா. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். பத்து வந்தால் தாங்க முடியாத வலி.

நாக்கில் சீனித் தண்ணி வைத்துவிட்டுக் குத்தினால் எட்டு வாங்குகிற பிள்ளை மூன்று வாங்குகிறது. வெளிநாட்டில் இதை ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். ஆனால் படித்தவுடன் எனக்கு நம் ஊர்ச் சேனைதான் ஞாபகம் வந்தது. நம் வீட்டில் செய்கிற காரியத்தில் இப்படி ஒரு விஷயம் இருக்கிறதே என்று பெருமையாக இருந்தது. அந்தச் சிரிப்பு அதற்குத்தான். சீனி விடாமல் குத்திப் பார்த்தால்தான், விட்டதால் குறைந்தது என்று சொல்ல முடியும். எழுதும்போதே இது உனக்கு எப்படிக் கேட்கும் என்று தெரிகிறது.

ஒன்று சொல்கிறேன், உனக்கு ஆறுதலாக இருக்கும். எங்கள் வார்டிலேயே மருமகன்தான் கெட்டி. சீனி இல்லாமல் குத்தியபோதுகூட அவன் புருவம் அசையவில்லை. "மாமா மாதிரியே பேசாமடந்தை" என்று அந்த சிஸ்டர் கேலி செய்யும். ஏழாம் மாதம் பிறக்குமுன் பிறந்தவன் அத்தனை ஊசிக்கும் அழவில்லை அக்கா.

கோபத்தை என்மேல் வைத்துக்கொள், ஆஸ்பத்திரிமேல் வைக்காதே. பிறந்த வாரத்தில் மூளையில் கொஞ்சம் ரத்தம் கசிந்தது என்று சொன்னேனே, அதற்காகத்தான் மாதாமாதம் தலையை அளந்து பார்க்கச் சொன்னது. என் கூடப் படித்த சிவராம் அங்கேயே இருக்கிறான். என் பெயரைச் சொன்னால் போதும். மச்சானிடம் நான் வேண்டுமானால் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன்.

கண்ணு


கொட்டாம்பட்டி
3.8.2002

தம்பி,

மன்னிப்பெல்லாம் எழுதாதே. அவர் படிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவார். உன் கடிதத்தை நான் சத்துணவுக்கூடத்தில் வைத்துப் படித்தேன், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து. வீட்டில் உன் பெயரை எடுத்தால் அத்தை பாத்திரத்தை உருட்டுகிறார்.

ஆறுதலாக இருக்கும் என்று நீ எழுதியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் கிராம நர்ஸ் தடுப்பூசி போட வந்தது. மந்தையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எல்லாப் பிள்ளையும் ஊரைக் கூட்டியது. நம்ம கருப்பு (இன்னும் பேர் வைக்கவில்லை, வாய்க்கு அப்படித்தான் கூப்பிடுகிறோம்) ஊசி ஏறியதும் அந்தப் பொண்ணின் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "மாமன் மேல கோவம் இருந்தாலும் சேனை பலிச்சிருச்சு பாத்தியா, எம்புட்டுப் பொறுமை!" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். உன்னைத் திட்டுகிற வாயே உன்னைப் புகழ்ந்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் பாயில் போட்டிருந்தேன். வேலை முடித்து வந்து பார்த்தால் தொடையில் ஒரு கட்டெறும்பு கவ்விக்கொண்டு நிற்கிறது. பிய்த்து எடுத்தேன். தடித்துச் சிவந்து கிடந்தது. எவ்வளவு நேரம் கடித்ததோ. அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். நான்தான் அழுதேன்.

பசிக்கும் அழுவதில்லை. நேரம் பார்த்து நானாகத்தான் மார்பில் வைக்கிறேன். அடுத்த வீட்டுக்காரி, பிள்ளை அழுதால், "சனியனே, சித்த ஓயுறியா" என்று வைகிறாள். எனக்கு அப்படி வைய ஆசையாக இருக்கிறது.

உன் கணக்கில் இவனுக்கு என்ன மார்க் வரும்? சைபரா? சைபர் என்றால் வலிக்கவில்லை என்றா அர்த்தம்? மழுப்பாமல் எழுது.

மீனாள்


சண்டிகர்
11.8.2002

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து எழுதுகிறேன். மழுப்பாதே என்று சொல்லிவிட்டாய்.

சைபர் என்றால் முகத்தில் தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். நாங்கள் அளந்தது முகத்தைத்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று அளக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. கெட்டியான பிள்ளை, குத்தினால் முகத்தைச் சுளித்து அழும். ரொம்ப முடியாத பிள்ளைக்கு முகம் சுளிக்கவும் தெம்பு இருக்காது. இரண்டாவது வகைப் பிள்ளைக்கு வலி குறைவு என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. கூடுதலாகக்கூட இருக்கலாம். சீனித் தண்ணி வைத்தால் முகம் அடங்குகிறது. வலி அடங்குகிறதா என்று என் வைவா பரீட்சையில் வெளியூர்ப் பரிசோதகர் ஒருவர் கேட்டார். "அடங்கும் என்று கருதலாம் சார்" என்றேன். பாஸ் போட்டார்கள்.

சீனி வைக்காதபோதும் அவன் முகம் அசையவில்லை என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மாமன் குணம் என்று நர்ஸ் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது அக்கா. எல்லாருக்கும் பிடித்திருந்தது.

இதற்குமேல் பயமுறுத்த எனக்கு மனமில்லை. இப்படிப் பிறந்த பிள்ளைகளில் நரம்பு மெதுவாக விழித்துக்கொள்கிறவை நிறைய உண்டு. இங்கேயே பார்க்கிறேன், ஆறு மாதம் கல்லுப்பிள்ளையார் போல் இருந்துவிட்டு அழுதே வார்டைத் தூக்கிவிடுவார்கள். அதனால் ஒன்று செய். அவன் அழுதால் பதறாதே, சந்தோஷப்படு. என்றைக்கு மருமகன் ஊரைக் கூட்டி அழுகிறானோ, அன்றைக்கு மாமன் பேரைச் சொல்லித் தெருவுக்கே சீனி கொடு. என் பங்கை எடுத்து வை, பொங்கலுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் தலையை அளக்க மறக்காதே. காதுக்குமேல், புருவத்துக்குமேல் சுற்றிப் பிடி. வாராவாரம் அளந்து எனக்கு எழுது. உச்சிக்குழி புடைத்தாலோ, பாலைக் கக்கினாலோ, கருவிழி கீழே சொருகினாலோ யார் பேச்சையும் கேட்காமல் பஸ் ஏறிவிடு.

கண்ணு


கொட்டாம்பட்டி
27.8.2002

தம்பி,

ஜாக்கெட் தைக்கிற டேப்பை வைத்துத்தான் அளக்கிறேன். சுற்றளவு கூடிக்கொண்டுதான் வருகிறது. வளருகிற பிள்ளைக்குத் தலை வளராதா என்று நினைத்துக்கொள்கிறேன். போன தடவைக்கும் இதற்கும் கிட்டத்தட்ட ஒரு இஞ்சு. பழைய குல்லா உள்ளே போகவில்லை. "மாமன் மண்டை. பெரிய படிப்புப் படிக்கிற மண்டை" என்கிறார் அத்தை. இப்போதெல்லாம் உன்னைப் பற்றி நல்லதாகத்தான் பேச்சு வருகிறது, கவனித்தாயா?

உன் மச்சானிடம் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தேன். "தலை வளந்தா ஆஸ்பத்திரி, கால் வளந்தா ஆஸ்பத்திரியா? திரும்பக் குத்துறதுக்கா?" என்றார். கெட்டவர் இல்லை. வார்டுக்கு வெளியே நின்ற அத்தனை நாளும் அவர் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. அந்தப் புள்ளிகளை நினைத்துத்தான் பேசுகிறார். அவருடைய பெரியப்பா மகன் கல்யாணம் ஆவணிக் கடைசியில் இருக்கிறது. அது முடியட்டும், நான் சொல்லிக் கூட்டிப்போகிறேன்.

மார்க் போட நீ எழுதிய ஐந்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன். மத்தியானத்தில் அவனைக் கைக்கு நேரே படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். புருவம், கண், மூக்கோரம், வாய். நேற்று மூக்கோரம் ஒரு சின்னக் கோடு விழுந்த மாதிரி இருந்தது. ஒரு மார்க் போட்டேன். நிழலாகக்கூட இருக்கலாம்.

மீனாள்


சண்டிகர்
4.9.2002

அக்கா,

ஒரு இஞ்சு என்பது சாதாரணம் இல்லை. கல்யாணத்துக்கெல்லாம் காத்திருக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போ. முத்திருளன் அண்ணன் கடைக்குப் பலமுறை போன் பண்ணினேன். "ஆள் அனுப்புனேன் தம்பி, வரமாட்டேன்னு சொல்லிருச்சு" என்கிறார். சிவராமிடமும் பேசிவிட்டேன். தலைக்குள் நீர் தேங்கினால் குழாய் வைத்து வயிற்றுக்குள் இறக்கிவிடலாம். காலத்தில் போனால் செய்யக்கூடியதுதான். மச்சான் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். போ.

கண்ணு


கொட்டாம்பட்டி
6.9.2002

என் தங்கத் தம்பிக்கு,

அழுதுவிட்டான்! கருப்பு அழுதுவிட்டான்டா!

நேற்றுச் சாயங்காலம் கல்யாண வீட்டுப் பந்தக்காலுக்குப் போய்விட்டு வந்து படுக்க வைத்தேன். முகத்தைச் சுளித்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், புருவம் இரண்டும் சேர்ந்தது, கண்ணை இறுக்கினான், மூக்கோரம் ஆழமாகக் கோடு, வாய் சதுரமாகத் திறந்தது, ஆரம்பித்தானே பார்! தெருமுனைவரை கேட்டது. குரல் மெல்லிசு, கீச்சென்று மேலே போகிறது. நீ சின்ன வயசில் பாடினால் இப்படித்தான் இருக்கும். அத்தை விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். உன் மச்சான் வயலிலிருந்து ஓடி வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். இருபது வருஷம் ஆயிற்றாம் அந்த மனுஷன் அழுது.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். முத்திருளன் அண்ணன் கடையில் சீனி வாங்கித் தெருவில் ஒரு வீடு விடவில்லை. "மருமகன் அழுததுக்கு மாமன் சீனி" என்று சொல்லிக் கொடுத்தேன். உன் மச்சானே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள். அடுத்த வீட்டுக்காரி, "இனிமே ஒனக்கும் தூக்கம் போச்சுடி" என்றாள். போகட்டும் என்றேன்.

இன்றைக்கும் ஓயவில்லை. தூக்கினாலும் அழுகிறான், போட்டாலும் அழுகிறான். பாலைக் கக்கிக்கொண்டே அழுகிறான், அவ்வளவு வேகம். இத்தனை மாதம் சேர்த்து வைத்ததையெல்லாம் அழுது தீர்க்கிறான் என்கிறார் அத்தை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்துக்கும் இரண்டிரண்டு. பத்துக்குப் பத்து. உன் பரீட்சையில் என் மகன் முழு மார்க் வாங்கிவிட்டான்.

உன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பேர் வைக்கிற அன்றைக்கு நீ வர வேண்டும். உன் பங்குச் சீனியை டம்ளரில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
மீனாள்


ரயிலில், நாக்பூர் தாண்டி
13.9.2002

அக்கா,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. முதல் வரியைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன், அக்கா. பக்கத்து அறைக்காரனைக் கூப்பிட்டுச் சொன்னேன். 'கீச்சென்று மேலே போகிறது' என்ற இடத்தில் நின்றேன். தலைக்குள் நீர் முட்டினால் பிள்ளைகள் அப்படித்தான் அழும். கக்கும். தூக்கினாலும் ஓயாது. இதை நான் பிள்ளைகளைக் காட்டி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். உனக்கு எழுதின அடையாளங்களில் அழுகையை மட்டும் விட்டுவிட்டேன். அழாத பிள்ளைக்கு எதற்கு என்று விட்டேன். விட்டதோடு இல்லாமல் சீனி கொடுக்கச் சொன்னேன்.

போன் பண்ணினேன். "அதுக எல்லாம் ராத்திரியே கார் பிடிச்சு மதுரைக்குப் போயிருச்சுக தம்பி, புள்ளைக்கு வெட்டு வந்து கைகால் இழுத்துருச்சு" என்றார் முத்திருளன் அண்ணன். இரண்டு நாளாகிறதாம். சிவராம் கிடைக்கவில்லை.

எதிர் சீட்டில் ஒரு பிள்ளை அழுதுகொண்டே வருகிறது. அதன் முகத்துக்கு மார்க் போட்டுக்கொண்டே வருகிறேன். நிறுத்த முடியவில்லை.

கண்ணு


கொட்டாம்பட்டி
20.10.2002

தம்பி கண்ணுச்சாமிக்கு,

ரயிலில் நீ எழுதியது காரியம் முடிந்த மறுநாள் வந்தது. செப்டம்பர் நாலாம் தேதி எழுதியது அதற்கும் முன்னாலேயே வந்து, கல்யாண வீட்டுப் பத்திரிகைகளோடு கிடந்திருக்கிறது. இரண்டையும் இப்போதுதான் படித்தேன். நீ வந்து இருந்த நாட்களில் நாம் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ வந்து இறங்கியபோது உயிர் இருந்தது. தலையிலிருந்து நீரை எடுக்க ஊசி போடப்போனார்கள். கண் மேலே சொருகிக் கிடந்தாலும் விட்டு விட்டு அந்தக் கீச்சு வந்துகொண்டே இருந்தது. அலர்மேல்மங்கை நர்ஸம்மா அழுதுகொண்டே ஒரு சொட்டுச் சீனித் தண்ணியை அவன் நாக்கில் தொட்டு வைத்தது. நீ சொல்லிக்கொடுத்த வழக்கம். உடனே வாய் சப்பியது. புருவம் விலகியது. மூக்கோரக் கோடு போனது. "அப்பாடா, அடங்கிட்டான்" என்றார் அத்தை. உன் மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார். நீ மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாய். எல்லாருக்கும் அது அமைதியாகத் தெரிந்தது. எனக்கும் உனக்கும் அப்படித் தெரியவில்லை. உன் படிப்பில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. "விதி" என்கிறார்கள். உன் மச்சான் என்னைப் பார்ப்பதில்லை, நான் அவரைப் பார்ப்பதில்லை. சொன்ன தேதிகளுக்குப் போயிருந்தால் என்று இருவருக்கும் தோன்றுகிறது, வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. துக்கம் கேட்டுப் போனவர்கள் எல்லாரும் சீனி வாங்கித் தின்றவர்கள். அடுத்த வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்நாக்குல இன்னும் இனிக்குதுடி பாவி" என்று அழுதாள்.

அவன் போனதைக்கூட ஒரு நாள் ஏற்றுக்கொள்வேனோ என்னவோ. அவன் அழுத அந்த நாட்களைத்தான் என்னால் முடியவில்லை. பத்துக்குப் பத்து வலியில் அவன் கண்ணைத் திறந்து திறந்து பார்த்தான். எதிரே இருந்தது என் முகம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கைதட்டினேன். "அழுடா என் ராசா, இன்னும் அழு" என்றேன். என் முகத்தைப் பார்த்து அவன் என்ன மார்க் போட்டிருப்பான்?

டம்ளரில் இருந்த உன் பங்கைக் கிணற்றடியில் கொட்டிவிட்டேன். எறும்பு வந்து எடுத்துக்கொண்டு போயிற்று.

இதற்குப் பதில் போடாதே. போட்டால் ஆறுதலாக எழுதுவாய். நீ ஆறுதலாக எழுதியதை ஒரு தடவை நம்பிவிட்டேன்.

மீனாள்